ஈ, தா, கொடு: பேரரசுகள் போன கதை

‘வெள்ளைக்காரன் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போனான்’ என்கிறோம். ‘காந்தி சுதந்திரம் வாங்கித் தந்தார்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் எதிரெதிரானவை என்று நம்பித்தான் இத்தனை ஆண்டுகளாக மேடைகளில் சண்டை நடக்கிறது. இலக்கண வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே வாக்கியம். கொடுப்பவன் ஓர் ஆண், வாங்குபவன் இன்னோர் ஆண், நடுவே கைமாறும் ஒரு பொருள். ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களையும் தொல்காப்பியம் இரத்தலுக்குரிய சொற்களாகவே வகைப்படுத்துகிறது. கேட்பவர் தாழ்ந்தவரானால் ஈ, ஒத்தவரானால் தா, உயர்ந்தவரானால் கொடு. எந்தச் சொல்லை எடுத்தாலும் கை நீண்டுதான் இருக்கிறது. கை நீட்டாதவர்களைப் பற்றி, நீட்டிய கையைத் தட்டிவிட்டவர்களைப் பற்றிப் பேச நம் வரலாற்றுப் பாடத்துக்கு வினைச்சொல்லே இல்லை.

ஐரோப்பியப் பேரரசுகள் ஏன் முடிந்தன? பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதும் காரணங்கள் நமக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா நொடித்துப்போனது. பிரிட்டன் 1946இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. அமெரிக்கா, சோவியத் இரண்டுமே பழைய பேரரசுகளை விரும்பவில்லை. 1956இல் சூயஸில் பிரிட்டனும் பிரான்சும் அவமானப்பட்டுத் திரும்பின. லண்டனிலும் பாரிசிலும் படித்துத் திரும்பிய தலைவர்கள் ஆண்டவர்களின் மொழியிலேயே உரிமை கேட்டார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. போதாமை இருக்கிறது.

நொடித்துப்போனவர்கள் தாமாகக் கிளம்பிவிடுவதில்லை. ஜெர்மனி சரணடைந்ததை உலகம் கொண்டாடிய 1945 மே 8 அன்றுதான் அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் ஊர்வலத்தின் மீது பிரெஞ்சுக் காவல்துறை சுட்டது. அடுத்த சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். ஜப்பான் போனதும் டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவுக்குத் திரும்பி வந்து நான்கு ஆண்டுகள் போர் நடத்தினார்கள். கடனில் மூழ்கிய பிரிட்டன் மலாயாவை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அதன் ரப்பரும் தகரமும் டாலர் கொண்டுவந்தன. உலகப் போரில் இறங்கவே இறங்காத போர்ச்சுகல் 1974 வரை ஆப்பிரிக்காவில் உட்கார்ந்திருந்தது. கடன்காரன் விளைநிலத்தை விற்பது கடைசியில்தான், அதுவும் அந்த நிலம் சோறு போடாமல் செலவு மட்டும் வைக்கும்போதுதான். கேட்க வேண்டிய கேள்வி அது: செலவு எப்படி ஏறியது? யார் ஏற்றினார்கள்?

1957 ஜனவரியில், பிரதமரான சில வாரங்களிலேயே, ஹெரால்ட் மாக்மில்லன் ஒவ்வொரு காலனிக்கும் இலாப நட்டக் கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். அதிகாரிகள் போட்டுக் கொடுத்த கணக்கில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நின்றன. மூன்றாண்டுகள் கழித்து, 1960 பிப்ரவரி 3 அன்று கேப்டவுனில், மாற்றத்தின் காற்று வீசுகிறது என்று அவர் பேசியதைப் பாடநூல்கள் விடாமல் சொல்கின்றன. காற்று எங்கிருந்தோ வீசுகிறது, யார் மூச்சும் அதில் இல்லை என்பதுபோல.

பேரரசு மிக மலிவாக நடந்த வியாபாரம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு வெள்ளை அதிகாரி, சில உள்ளூர்க் காவலர்கள், அவர்களே நியமித்த சில ‘தலைவர்கள்’. இந்த மலிவுக்குக் காரணம் துப்பாக்கி என்பார்கள். துப்பாக்கிக்கும் செலவு உண்டு. செலவே இல்லாத ஒன்று அடியில் இருந்தது. கென்யாவில் வெள்ளையர் பண்ணைக்கும் நைரோபிக்கும் போன ஆணுக்குக் கொடுத்தது ஒண்டியாளுக்கான கூலி. அவன் மனைவியும் பிள்ளைகளும் எதைத் தின்பார்கள் என்று கூலி கொடுத்தவன் கேட்கவேயில்லை; ஊரில் அவள் மண்வெட்டி பிடித்து நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தாள். நோயாளியாகத் திரும்பியவனையும் அவளே பார்த்துக்கொண்டாள். 1954இல் ஆப்பிரிக்கக் கூலியை ஆராய்ந்த காலனி அரசின் குழுவே, ஒண்டியாள் கூலியை விட்டுக் குடும்பக் கூலிக்கு மாற வேண்டும் என்று சொல்லும்படி ஆனது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்தக் கூலியின் மறுபாதியை அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்த மாக்மில்லன் கணக்கிலும் அது வரவாக ஏறவில்லை.

தென்கிழக்கு நைஜீரியாவில் இந்தக் கணக்கை ஒரு பெண் கேட்டாள். 1929 நவம்பர், ஒலொகோ என்ற ஊர். இக்போ மக்களுக்கு அரசர் கிடையாது. ஊர் மன்றங்களும் பெண்களுக்கென்றே தனி மன்றங்களும் உண்டு. பிரிட்டிஷாருக்கு அது ஆட்சியாகவே தெரியவில்லை. ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்துச் சில ஆண்களைத் ‘தலைவர்கள்’ ஆக்கினார்கள். பெண்களின் மன்றம் அவர்கள் கண்ணில் படவில்லை. ஆண்களை எண்ணிவிட்டுப் போனவர்கள் 1928இல் தலைவரி போட்டார்கள். அடுத்த ஆண்டு பாமாயில் விலை விழுந்துகொண்டிருந்தபோது ஒலொகோவின் நியமனத் தலைவர் ஒகுகோவின் ஆள், பனங்காய் பிழிந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ந்வான்யெருவா என்ற பெண்ணிடம் வந்து, வீட்டில் ஆடு எத்தனை, ஆள் எத்தனை என்று எண்ணச் சொன்னான். எண்ணினால் வரி வரும் என்று அவளுக்குத் தெரியும். உன் தாயை எண்ணினார்களா என்று திருப்பிக் கேட்டாள் என்கிறது அந்த ஊர் நினைவு. கைகலப்பு ஆனது. அவள் ஓடிப்போய்ப் பெண்கள் கூட்டத்தில் சொன்னாள். பனையோலை ஊர் ஊராகப் போனது.

பெண்கள் கையிலெடுத்தது அவர்களின் பழைய வழக்கம் ஒன்று. மனைவியை அடித்தவன், பெண்களின் சந்தை விதியை மீறியவன் வீட்டு முன்னால் கூடி, இரவெல்லாம் பாடி ஆடி, அவன் குற்றத்தைப் பாட்டாகவே சொல்லி, உலக்கையால் சுவரை இடித்து, அவன் வெளியே வந்து மன்னிப்புக் கேட்கும்வரை நகராமல் இருப்பது. ஆண் மீது உட்கார்வது என்று அதற்குப் பெயர். 1929 டிசம்பரில் அவர்கள் பேரரசின் மீது உட்கார்ந்தார்கள். பல்லாயிரம் பெண்கள், இரண்டு மாகாணங்கள். நியமனத் தலைவர்களின் தொப்பிகளைப் பறித்தார்கள், நீதிமன்றங்களை இடித்தார்கள், ஐரோப்பியக் கம்பெனிகளின் கிடங்குகளில் புகுந்தார்கள். ஒரு வெள்ளையர்கூடக் கொல்லப்படவில்லை. படை சுட்டது. டிசம்பர் 16 அன்று ஒபோபோவில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர், மொத்தத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள்.

அரசு தன் கோப்பில் இதற்கு ‘அபா கலவரம்’ என்று பெயர் எழுதியது. இக்போ மொழியில் இது பெண்களின் போர். வரலாற்று மாணவர்கள் இன்றும் கலவரம் என்ற பெயரைத்தான் முதலில் படிக்கிறார்கள். கலவரம் என்றால் காரணமில்லாமல் கத்தியவர்கள். போர் என்றால் ஒரு தரப்பு இருந்தது, அதற்கு ஒரு கோரிக்கை இருந்தது. அந்தக் கோரிக்கை நிறைவேறியது என்பதும் கோப்பிலேயே இருக்கிறது: பெண்களுக்கு வரி போடவில்லை, சில ஆண்டுகளில் நியமனத் தலைவர் முறையைக் கலைத்து உள்ளூராட்சியை மாற்றியமைத்தார்கள். இக்போப் பெண்களைப் புரிந்துகொள்ள லண்டனிலிருந்து நிதி கொடுத்துப் பெண் ஆய்வாளர்களை அனுப்பினார்கள். துப்பாக்கி, கமிஷன், ஆய்வு, புதிய அதிகாரிகள். மலிவான ஆட்சி இப்படித்தான் விலை ஏறியது.

இருபது ஆண்டு கழித்து அதே நாட்டின் மேற்கில், அபெயோகுட்டாவில், அதே வரி விவகாரம். சந்தைப் பெண்களும் படித்த பெண்களும் சேர்ந்த அபெயோகுட்டா பெண்கள் சங்கம், ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டியின் தலைமையில், அரண்மனை வாசலில் உட்கார்ந்தது. ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்தபோது, வனபோஜனம் போகிறோம், திருவிழாவுக்குப் போகிறோம் என்றார்கள். பிரிட்டிஷாரின் பேரில் வரி வசூலித்த அரசர் 1949 ஜனவரியில் பதவி துறந்தார். நைஜீரியாவின் விடுதலை பற்றிய சுருக்கக் குறிப்புகளில் லண்டன் மாநாடுகள் ஒவ்வொன்றும் தேதியோடு வரும். இந்த வாசல் வராது. வந்தால் ‘பெண்களின் பங்களிப்பு’ என்ற கட்டத்துக்குள் வரும். எனக்கு ஒவ்வாத சொல் அது. யாரோ கட்டிய வீட்டுக்கு நாம் மொய் எழுதியதுபோல் இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டியவளிடம் மொய் நோட்டை நீட்டுகிறார்கள். அதிலும் மொய் கணவன் பெயரில்தான் ஏறும்.

கென்யாவுக்கு வருகிறேன். 1922 மார்ச் 16, நைரோபி. ஹாரி துகு என்ற தலைவரைக் கைது செய்திருந்தார்கள். ஆண்கள் பிரதிநிதிகளாகப் போய்ப் பேசிவிட்டு, கலைந்து போங்கள் என்று திரும்பி வந்தார்கள். கூட்டத்திலிருந்த மேரி முத்தோனி ந்யாஞ்ஜிரு ஆடையைத் தூக்கிக் காட்டி, இதை நீங்கள் உடுத்திக்கொள்ளுங்கள், உங்கள் கால்சட்டையை எங்களிடம் கொடுங்கள் என்றாள். கிக்குயூ வழக்கில் ஆணுக்குப் பெண் கொடுக்கும் கடைசி அவமதிப்பு அது. பெண்கள் குலவையிட்டபடி முன்னேறினார்கள். காவலர்கள் சுட்டதில் இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 21 பேர். அவளும் இறந்தாள்.

1952 அக்டோபரில் அவசரநிலை அறிவித்து மாவ் மாவ் போராளிகளை ஒடுக்கக் கிளம்பிய அரசுக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்தது. காட்டிலிருக்கும் ஆண் தானாக உயிரோடு இல்லை. இரவில் சோறு போகிறது, மருந்து போகிறது, தோட்டா போகிறது, செய்தி போகிறது. கொண்டுபோகிறவள் பகலில் தலையில் விறகுச் சுமையோடு ஒன்றும் தெரியாதவளாக நடக்கிறாள். வரலாற்றாசிரியர்கள் பலர் இவளைத் துணைப்பாத்திரமாக எழுதினார்கள். எதிரி சரியாக மதிப்பிட்டான். 1954 நடுவிலிருந்து ஓராண்டுக்கும் சற்றுக் கூடுதலான காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிக்குயூ மக்களை வீடுகளிலிருந்து விரட்டி, 800க்கும் மேற்பட்ட புதிய ‘கிராமங்களில்’ அடைத்தார்கள். சுற்றிலும் முள்வேலி, கூர்முளை நட்ட அகழி, காவல் கோபுரம். ஆண்களில் பெரும்பகுதி முகாம்களில் இருந்ததால் அந்த அகழிகளை வெட்டியது பெண்கள். தங்களைச் சிறைவைக்கும் பள்ளத்தைத் தாங்களே. வன்புணர்வும் பட்டினியும் அங்கே விபத்துகளாக நடக்கவில்லை. ஒரு சமூகத்தின் சோற்றுப்பாதையை அறுக்கும் வேலையின் பகுதியாக நடந்தன.

இந்தப் போர் பிரிட்டனுக்குச் சுமார் 5.5 கோடி பவுண்டு செலவு வைத்தது. 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் வேலை செய்ய மறுத்த 11 கைதிகளை அடித்தே கொன்றுவிட்டு, தண்ணீர் குடித்ததால் இறந்தார்கள் என்று அறிக்கை விட்டது காலனி அரசு. பொய் நாடாளுமன்றத்தில் உடைந்தது. அடுத்த ஜனவரியில் லண்டனில் கென்ய மாநாடு கூடியது. மாக்மில்லனின் காற்று பேச்சும் அப்போதுதான். ஆக, அந்தக் காற்று அகழியின் ஆழத்திலிருந்து வீசியது.

போகும்போது கோப்புகளை எரித்தார்கள், எரிக்காதவற்றை லண்டனுக்குத் தூக்கிப் போனார்கள். வழக்கு வந்த பிறகே, 2011இல், முப்பத்தேழு முன்னாள் காலனிகளின் ஆயிரக்கணக்கான கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் மறைந்திருந்தது வெளியே தெரிந்தது. 2013இல் 5,228 கென்யர்களுக்கு 1.99 கோடி பவுண்டு இழப்பீடு என்று முடிவானது. வழக்குத் தொடுத்த முதியவர்களில் பெண்களும் இருந்தார்கள். முகாமில் தங்கள் உடலுக்குள் எதைச் செலுத்திச் சித்திரவதை செய்தார்கள் என்பதை ஐம்பது ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் சொன்னார்கள். நாகரிகமாக விடைபெற்றோம் என்ற பிரிட்டிஷ் கதையை உடைத்தது அந்தச் சொற்கள்.

அல்ஜீரியா பற்றி நம் தோழர்களுக்கு நிறையத் தெரியும் என்று நினைப்பு. திரைப்பட இயக்கங்களில் ‘அல்ஜியர்ஸ் போர்’ படத்தை எத்தனையோ முறை போட்டிருக்கிறோம். கண்ணாடி முன் முடி வெட்டி, ஐரோப்பியப் பெண்களாக மாறி, கூடையில் குண்டோடு சோதனைச் சாவடி தாண்டும் மூன்று பெண்கள். மறக்க முடியாத காட்சி. அவர்கள் படத்தில் பேசும் வசனங்களை எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும். 1956 செப்டம்பர் 30 அன்று அப்படிப் போன மூவரில் ஸொஹ்ரா த்ரிஃப் சட்ட மாணவி. அன்று அந்தக் கடைகளில் இருந்தவர்கள் குடிமக்கள், குழந்தைகளும் கால் இழந்தார்கள். இதை நான் அழகுபடுத்தப் போவதில்லை. ஆனால் ஓட்டல் மேசையில் வெடித்த குண்டைப் பற்றி அறம் பேசுகிறவர்கள், அதே நகரின் காஸ்பாவில் அதற்கு முந்தைய மாதம் நள்ளிரவில் காலனியக் குடியேறிகள் வைத்த குண்டு மொத்தக் குடும்பங்களையே புதைத்ததையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பிரெஞ்சு அரசு பெண்ணை விடுதலை செய்ய வந்ததாக வேறு சொல்லிக்கொண்டது. 1958 மே மாதம் அல்ஜியர்ஸ் சதுக்கத்தில் முஸ்லிம் பெண்களை மேடையேற்றி முக்காட்டைக் கழற்ற வைத்து, பார்த்தீர்களா என்றது. கழற்ற வைத்தவர்களின் இராணுவம்தான் 1960இல் ஜமீலா பூபாஷாவைக் கைது செய்து மின்சாரம் பாய்ச்சி, வன்புணர்வு செய்தது. அவள் வாய் மூடவில்லை. வழக்கறிஞர் கிஸேல் ஹலிமி வழக்கை எடுத்தார், சிமோன் த பூவா பத்திரிகையில் எழுதினார், பிரான்சின் மனசாட்சி நடுங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் தெ கோல் அல்ஜீரியாவுக்கு வந்திருந்தபோது, எந்த இயக்கத் தலைவரும் நேரில் நின்று நடத்தாமலேயே, சேரிகளிலிருந்து பெண்களும் சிறுவர்களும் கொடியோடு தெருவுக்கு வந்தார்கள். போர்க்களத்தில் பிரான்ஸ் ஏறக்குறைய வென்றிருந்தது. காட்டில் கொரில்லாக்கள் ஒடுங்கியிருந்தார்கள். தெருவில் தோற்றது. பேச்சுவார்த்தையைத் தவிர வழியில்லாமல் போனது.

பெண்கள் மட்டுமா செய்தார்கள், இது ஒருபக்கச் சார்பு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பேரரசுகளைப் பெண்கள் தனியாக வீழ்த்தியதாக நான் எழுதவில்லை. கடன், சூயஸ், பனிப்போர் எல்லாம் அந்த மேசையில் உண்டு. மேசைக்கு வரவழைத்தது எது என்று கேட்கிறேன். வரி வசூலிக்க முடியாத சந்தை, பட்டினி போட்டாலும் காட்டிக்கொடுக்காத கிராமம், சித்திரவதைக்குப் பின்னும் பேசுகிற உடல். இவை ஆட்சியை ஆள முடியாததாக்கின. ஆண்களும் இவற்றில் இருந்தார்கள். ஆனால் மேசையில் உட்காரும் நேரம் வந்தபோது ஆண்கள் மட்டும் இருந்தார்கள்.

அதற்கு விலை இருந்தது, நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 1962 மார்ச் 18 அன்று எவியான் உடன்படிக்கையில் எந்தப் பெண்ணும் கையெழுத்திடவில்லை. அல்ஜீரியாவின் முன்னாள் போராளிகள் பதிவேட்டில் 10,949 பெண்களின் பெயர் ஏறியது; ஏறாதவர்கள் எத்தனையோ. முதல் அரசியல் நிர்ணய சபையில் பத்துப் பெண்கள். 1984 ஜூன் 9 அன்று அதே நாடு குடும்பச் சட்டம் கொண்டுவந்தது: பெண் திருமணம் செய்ய ஆண் காப்பாளர் வேண்டும், ஆண் நால்வரை மணக்கலாம். அந்தச் சட்டத்தின் முன்வரைவை எதிர்த்து 1981இல் அல்ஜியர்ஸ் தெருவுக்கு வந்தவர்களில், பிரெஞ்சு நீதிமன்றம் மரண தண்டனை விதித்து உலகமே எழுதிப் பேசி மீட்ட ஜமீலா பூஹிரெதும் இருந்தார். இந்த முறை உலகம் கடிதம் எழுதவில்லை. உள்நாட்டு விவகாரம் அல்லவா! ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டிக்குப் பிரிட்டிஷ் அரசு கடவுச்சீட்டை மறுத்திருக்கிறது, கொல்லவில்லை. 1977 பிப்ரவரியில் சுதந்திர நைஜீரியாவின் படைவீரர்கள் அவர் மகனின் வீட்டைத் தாக்கி, எழுபத்தாறு வயதான அவரை மாடி ஜன்னல் வழியே வெளியே எறிந்தார்கள். அடுத்த ஆண்டு இறந்தார்.

தமிழ் பேசும் பெண்களுக்கு இந்தக் கதை கடல் தாண்டிய கதை மட்டும் இல்லை. சண்டையில்லாமல், மேசையிலேயே, ‘மாதிரிக் காலனி’ என்ற பாராட்டோடு 1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தோட்டங்களில் சுமார் ஏழு லட்சம் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1931இலிருந்து அவர்களில் ஒரு பகுதியினருக்கு, பெண்களுக்கும், வாக்கு இருந்தது. அடுத்த ஆண்டு அதுவும் போனது. புதிய நாட்டின் அந்நியச் செலாவணியைத் தேயிலை கொண்டுவந்தது. தேயிலையைக் கொய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தச் சட்டத்தைப் பலர் இனவாதச் சட்டம் என்று சரியாகவே சொல்கிறார்கள். அதன் வாசகத்தையும் கொஞ்சம் படிக்கச் சொல்வேன். ஒருவர் வம்சாவளியால் குடிமகனாக வேண்டுமென்றால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற பாட்டனும், அவனைப் பெற்ற பூட்டனும். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவில்லை. அவள் கொய்த கொழுந்தை மட்டும் ஒவ்வொரு நாளும் தராசில் வைத்து, இறாத்தல் கணக்கில், பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.